டாக்டரிடம் சொல்லாத அதிமதுரம்

மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம். திருமழிசைத் தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் முன் நின்றிருந்தேன். என் மனைவி அதீபாவோடு வேலை பார்க்கும் ஜெயப்பிரியா டீச்சர் போனில் பேசினார்: "அண்ணா, அதீபா கிளாஸ்லயே மயங்கி விழுந்தாங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்தோம்... போய்ட்டாங்கண்ணா."

இந்த மருத்துவ முகாமுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நாட்டு மருந்துக் கடை உஸ்மான் கனி அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மருத்துவர் காவ்யா அவர்களே, பூவிருந்தவல்லிப் பெரியவர்களே, அடுப்பை அணைத்த கையோடு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! முஸ்தகீமின் ஸலாம், வணக்கம்.

அதிமதுரம்! வறண்ட தொண்டையை வழிக்குக் கொண்டுவரும் வேர். வறட்டு இருமலை வசப்படுத்தும் வேர். பாடுகிறவர் வாயிலும் பாடம் நடத்துகிறவர் பையிலும் இருக்கும் வேர். அதைப் பழிக்கவா வந்தேன்? இல்லை.

மாங்காட்டில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன தொண்டை அதீபாவுடையது. காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் அதிமதுரக் கஷாயம். மறக்கக் கூடாதென்று கைபேசியில் அலாரம் வைத்தவன் நான். நான்கு மாதம், ஒரு வேளை தவறவில்லை. "இன்னாங்க, உங்க மெஷினுக்குக்கூட இவ்ளோ கரெக்டா எண்ணெ ஊத்த மாட்டீங்களே!" என்று சிரிப்பாள்.

ரத்தக் கொதிப்புக்கு, சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரையும் சாப்பிட்டாள். கால் இழுத்துப் பிடிக்கிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த மருத்துவர் கேட்டார்: "வேற எதனா மருந்து எடுக்கறாங்களா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றேன்.

பொய்யா சொன்னேன்? கஷாயத்தை எந்த வீட்டில் மருந்து என்கிறோம்? மாத்திரைதானே நமக்கு மருந்து! தொழிற்சாலையில் எண்ணெய் மாறினால்கூட எழுதிவைக்கும் நான், அந்த ஒரு டம்ளரைச் சொல்லவில்லை. பதினோராம் நாள் அந்த அழைப்பு.

நாள்கணக்கில் குடித்தால் அதிமதுரம் உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். அந்த மாத்திரையும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இது பிறகு தெரிந்தது.

பின்வரிசையில் ஓர் அண்ணாத்தே கேட்கிறார்: "கடைக்காரரு சொல்லலியா நைனா?"

சொன்னார், அண்ணாத்தே, இதோ மேடையில் இருக்கும் உஸ்மான் கனி அவர்கள்தான். "ரெண்டு வாரத்துக்கு மேல வாணாம், பிரஷர் இருந்தா டாக்டர கேட்டுக்க"ன்னு பொட்டலத்து மேலேயே எழுதிக் குடுத்தார். வேரை டப்பாவில் கொட்டிவிட்டு அந்தக் காகிதத்தைக் கசக்கி எறிந்ததும் நான்தான்.

தாய்மார்களே, இன்று டாக்டர் காவ்யா முன் உட்காரும்போது குடிக்கும் கஷாயத்தைச் சொல்லுங்கள்! கடிக்கும் வேரைச் சொல்லுங்கள்! கலக்கும் பொடியைச் சொல்லுங்கள்! கேட்டாலும் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்! வெட்கமா? சொல்லுங்கள். திட்டுவாரா? திட்டு வாங்கிக்கொண்டே சொல்லுங்கள்! திட்டு வாங்கியவர் வீடு திரும்புவார்.

மணி ஆறு ஐம்பத்தெட்டு. ஏழு மணி அலாரத்தை அழிக்க எனக்கு இன்னும் கை வரவில்லை. பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். உங்கள் முன்னால் அது அடிக்க வேண்டாம். கைபேசியை அணைத்துவிட்டேன்.