ஹோல்கருக்கு வெறும் சளிக்காய்ச்சல்

காபி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. எங்கள் நாடாளுமன்ற உணவகத்தில் இருபது வருடமாகக் குடிப்பது கழுநீர். நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கட்சிக் கொறடா. தலை எண்ணுவது என் பிழைப்பு. தெய்வ நிந்தனைச் சட்டத்தை ஒழிக்கலாமா என்று வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வாக்கெடுப்பு. கடவுளைப் பொதுவில் கேலி செய்தால் நான்கு மாதம் உள்ளே போகலாம் என்கிற பழைய சட்டம் அது. அதைக் காப்பாற்றும் தரப்பு நாங்கள். எங்களுக்கு ஒரே ஒரு தலைதான் அதிகம் இருந்தது, அதுவும் ஹோல்கரின் தும்மல் வெறும் தும்மலாகவே இருக்கும்வரை.

எங்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒரு தரப்பில் ஒருவர் படுத்துவிட்டால், எதிர்த்தரப்பில் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்வார். எழுத்தில் கிடையாது, வாய்ச்சொல்தான். திங்கட்கிழமை ஹோல்கர் சளிக்காய்ச்சலோடு வீட்டுக்குப் போனார். எதிர்த்தரப்பு ரிக்கே தான் ஒதுங்குவதாக எனக்குக் கைகொடுத்தார். தங்கமான பெண்மணி.

ஆனால் நோய் ஒரு வாரத்தைத் தாண்டும் என்று டாக்டர் எழுதினால் கதையே வேறு. உடனே மாற்று உறுப்பினரை அழைத்துவிடுவார்கள். ஹோல்கருக்கு மாற்று சிஸ்ஸல். எங்கள் கட்சிதான், பாதிரியார் வேறு. கடவுளுக்கு எதற்குப் போலீஸ் பாதுகாப்பு என்று பிரசங்க மேடையிலேயே கேட்கிறவர். அவர் வந்து எதிராக வாக்களிப்பார், ரிக்கேயும் உள்ளே வந்துவிடுவார். சட்டத்துக்குச் சங்கு ஊதியாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை ஹோல்கரைப் பார்க்கப் போனேன். தனிக்கட்டை. இடுப்பு எலும்பு முறிந்து சமையலறைத் தரையில் கிடந்தார்.

"ஈவர், வந்துட்டியா. விடிஞ்சதுலேர்ந்து இப்படியே கெடக்கேன்டா. ஆம்புலன்ஸக் கூப்பிடு."

"கூப்பிடாம இருப்பேனா. வியாழக்கிழமை பத்தே காலுக்குக் கூப்பிடறேன்."

சிரித்தார். எனக்குக் கட்சியில் வேடிக்கைக்காரன் என்று பெயர். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

உடைந்த இடுப்பைச் சளிக்காய்ச்சல் என்று எழுத எந்த டாக்டருக்கும் மனது வராது. அதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இந்தச் சட்டத்துக்காக அவையில் ஒன்றரை மணி நேரம் முழங்கியவரே அவர்தான். புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

"சட்டம் நாசமாப் போகட்டும். வலி உயிர் போகுதுடா, பாவி."

"ரெண்டே நாள். பல்லைக் கடிச்சுக்கோ."

தலைக்குத் தலையணை வைத்தேன், கம்பளி போர்த்தினேன். தண்ணீர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்ததாகத்தான் ஞாபகம். கைபேசி நனைந்து கெட்டுவிடக் கூடாதே என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

புதன்கிழமை மதியம் நாடாளுமன்றப் படிக்கட்டில் ரிக்கே பிடித்துக்கொண்டார். கையில் ஒரு டப்பா கோழி சூப்.

"கிழவர் எப்படி இருக்கார்?"

"படுத்திருக்கார்."

"குளிர்ல வெளிய விட்டுடாதீங்க."

"கம்பளி போத்தியிருக்கேன். எங்கயும் நகர மாட்டார்."

"நாளைக்கு நான் உள்ள வரமாட்டேன், நிம்மதியா தூங்கச் சொல்லுங்க. எழுந்து வந்து வழக்கம்போல என்னைத் திட்டட்டும்."

ஒரு சொல்லாவது பொய்யா, பாருங்கள். சூப்பை நான் குடித்தேன், வீணாக்குவது பாவம்.

அன்று மாலை எட்டிப் பார்த்தேன். அமைதியாக இருந்தார். மதியமே போய்விட்டார் என்று உங்கள் டாக்டர் சொல்கிறார். நான் நாடி பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்ல வேண்டியிருக்கும். வியாழக்கிழமை ஒரு வாக்கில் சட்டம் பிழைத்தது. பத்தே காலுக்குச் சொன்னபடி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நேரம் உங்களிடம் பதிவாகியிருக்கும்.

இன்னும் ஒன்று. செவ்வாய்க்கிழமை நான் கிளம்பும்போது ஹோல்கர் கத்தத் தொடங்கினார். முதலில் என்னைத் திட்டினார், அது பரவாயில்லை. பிறகு கடவுளைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சொற்களை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். ஜன்னல் திறந்திருந்தது. தெருவில் போகிறவர் காதில் விழுந்தால் அது பொதுவில் பேசியதாகிவிடும். நான்கு மாதம், அதுவும் அந்த வயதில். திரும்பி வந்து ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன். ஹோல்கரைக் காப்பாற்ற நான் ஒன்றுமே செய்யவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.