தோய்த்த நீலச் சட்டை

செவ்வாய் மாலை ஐந்து பத்துக்குப் பொலிதேயாமா சதுக்கத்தில் பஸ் ஏறினேன். எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“நாப்பது வருசத்துச் சேத்தைத் தோய்ச்சுப்போட்டன், அக்கா.”

“என்னடி கதைக்கிறாய்?”

“நான் வேலை செய்யிற வீட்டு முதலாளி, அந்தச் சின்யோர், ஸ்கொட்லாந்து நாட்டுக்கு ரக்பி விளையாடினவரெல்லே. முதல் மட்ச் விளையாடின நீலச் சட்டையைச் சேத்தோடையே ஒரு பையிலை கட்டி வைச்சிருந்தவர். நான் ஊத்தை உடுப்பெண்டு மெஷினிலை போட்டிட்டன்.”

“ஐயோ! இஸ்திரி போட்டு மினுக்கியும் வைச்சியோ?”

“ஓம்.”

மூத்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். இளையவள் சிரிக்கவில்லை.

“பதினோராவது மட்சிலை அவருக்கு முழங்கால் முறிஞ்சு போச்சு. பிறகு வாத்தியாரா இருந்து, இஞ்சத்தை மனுசியைக் கட்டி வந்தவர். விளையாடின காலத்திலை மிஞ்சினது அந்தச் சட்டை ஒண்டுதான். பாத்திட்டுச் சட்டையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்திட்டார். வேலையாலை நிப்பாட்டினால் இஞ்சை இருக்கிறதுக்குத் தாற அனுமதி, அந்தப் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கேலாது, அக்கா.”

அப்போது அவளது போன் அடித்தது. “சீ, சின்யோர்” என்று அவர்கள் பாஷையில் நான்கு முறை ஆமாம் போட்டுவிட்டு வைத்தாள்.

“என்னவாம்? வேலை போச்சோ?”

“சட்டையைப் போட்டுப் பாத்தவராம். வயிறு மட்டும் கொஞ்சம் இறுக்கமாம். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டுதான் மட்ச் பாக்கப் போறாராம்.”

“அப்ப உன்ரை வேலை?”

“தோள்மூட்டிலை கிழிஞ்சு கிடக்காம். நாளைக்கு வரேக்கை கபோச் சந்தையிலை நீல நூல் வாங்கிக்கொண்டு வரட்டாம்.”