கொசுறு கேட்கும் முதலாளிகளே!

அவையை அணிசெய்யும் தலைவர் தாணுலிங்கம் அவர்களே! அருகமர்ந்து அழகு சேர்க்கும் ஆன்றோர்களே! அடுக்களையோடு அகத்துக்காரரின் சம்பளத்தையும் சேர்த்து ஆளும் அன்னையர்களே! நம் வலியசாலைத் தெருக் கூட்டுறவுக் கடையின் பங்குதாரர்களே, அதாவது முதலாளிகளே! அனைவருக்கும் சரஸ்வதியம்மாளின் வணக்கம்.

முதலாளிகள் என்றதும் முன்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். உட்காருங்கள் ஐயா! பத்து ரூபாய்ப் பங்குக்கு அந்தப் பெருமைகூட இல்லாவிட்டால் எப்படி?

சிக்கனம் சிறப்பு. சிக்கனம் சீர். அதைப் பழிக்க நான் மேடையேறவில்லை. சாலைக் கடைவீதியை முழுக்கச் சுற்றி, வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்த்து வாங்கும் வித்தையில் நம்மை வெல்ல யார் இருக்கிறார்கள்? ஆனால் ஒன்று கேட்கிறேன். நாம் சேமிக்கிறோமே, யாருடைய செலவில் சேமிக்கிறோம்?

சென்ற வாரம் நம் கடையில் நின்றிருந்தேன். எடை போடும் திரவியம் ஒரு ராத்தல் வெல்லம் நிறுத்தான். முள் நேராக நின்றது. விஜயம் மாமியின் முகம்தான் கோணிற்று.

"ஏண்டாப்பா, இன்னும் ஒரு நுள்ளு போட்டா கொறஞ்சா போயிடுவே?"

"எடை சரியாத்தானே இருக்கு மாமி?"

"சாலைக் கடையில கேக்க எனக்கு வெக்கமா இருக்கும். இது நம்ம கடையாச்சே, அதான் உரிமையோட கேக்கறேன்!"

சிரிக்கிறீர்கள். மாமியும் சிரிக்கிறார்; அந்தப் பெருந்தன்மை வாழ்க! மாமி மட்டுமா? ஓய்வுபெற்ற கணக்கர் நாகேஸ்வரன் ஐயா தினமும் வந்து நிலக்கடலையின் தரம் பார்க்கிறார். பார்க்கிறார், பார்க்கிறார், வயிறு நிறையும்வரை பார்க்கிறார்! என்ன சொல்கிறீர்கள் ஐயா? "சாம்பிள்தானே" என்கிறீர்களா? ஆமாம், ஆண்டு முழுவதும் சாம்பிள்!

நம் கடை, நம் நஷ்டம், இவளுக்கு என்ன என்று நினைப்பீர்கள். நம் நஷ்டமாக இருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். கடை விதியை எத்தனை பேர் படித்தீர்கள்? சரக்கு குறைந்தால், எடை போடுகிறவன் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்று இருக்கிறது! மாமிக்கு விழுந்த நுள்ளும் ஐயா மென்ற கடலையும் திரவியத்தின் கூலி.

நேற்று அவன் என்னிடம் வந்தான்.

"அம்மா, ஒண்ணாந்தேதியோட நின்னுக்கிடுதேன். போனக்காட்டு எஸ்டேட் கடையில ஜோலி இருக்காம்."

"பிள்ளைகளை விட்டுட்டு மலைக்கா போறே?"

"பின்னே என்ன செய்ய? மாசம் பூரா ஊருக்கு அரிசி நிறுத்துப் போடுதேன். எங்க வீட்டுக்கு வாங்கத் துட்டு இல்லியே."

எனக்கு நெஞ்சு சுட்டது. இன்னும் சுடுகிறது.

பேரம் பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள்! முடியாது என்று சொல்லக்கூடியவனிடம் பேசினால் அது பேரம். முடியாது என்று சொல்ல வழியற்றவனிடம் பிடுங்கினால் அது சிக்கனமா? சேமிப்பா? சாமர்த்தியமா? இல்லை, தாய்மார்களே! அது அவன் பிள்ளைகளின் இலையிலிருந்து நாம் அள்ளிய சோறு!

ஆகவே முன்மொழிகிறேன்: அந்த விதி ஒழியட்டும்! இனிக் குறைகிற சரக்கை நம் லாபப் பங்கில் கழிக்கட்டும்! சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்.

என்ன, ஒரு கையையும் காணோம்? கொசுறுக்கு நீண்ட கைகள் எங்கே போயின?

ஆ! விஜயம் மாமி தூக்கிவிட்டார்! "அவனை மலைக்கு அனுப்பப்படாது" என்கிறார். மாமி, உங்களுக்கு ஆயிரம் நமஸ்காரம்! அதோ பின்வரிசை, இதோ பக்கவரிசை! நாகேஸ்வரன் ஐயா, இரண்டு கையைத் தூக்கினாலும் ஒரு வோட்டுதான்! தலைவர் அவர்களே, எண்ணிக்கொள்ளுங்கள். நிறைவேறியது என்கிறீர்களா? நல்லது!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், என் கேலியை வலிக்காமல் வாங்கிக்கொண்ட மாமிக்கும் ஐயாவுக்கும் என் நன்றியும் வணக்கமும்.

திரவியம், ஏன் வாசலிலேயே நிற்கிறாய்? உள்ளே வா, அப்பா. ஒண்ணாந்தேதி முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போ.