சிவப்புக் கோட்டுக்கு வெளியே

இல்ல சார், கப்பலோட ப்ரொப்பெல்லரச் சுத்த வைக்கிற ஷாஃப்ட்டு வளைஞ்சு உடையல. முறுக்குல உடைஞ்சிருக்கு. ரெண்டும் ஒண்ணில்ல. ஈரத்துணியப் பிழியறோமே, அந்த முறுக்கு. இஞ்சின்ல ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கறப்பவும் ஷாஃப்ட்ட ஒரு முறுக்கு முறுக்கும், அது திரும்பும், மறுபடி முறுக்கும். ஏதோ ஒரு வேகத்துல அந்த அடியும் ஷாஃப்ட்டோட சொந்த ஆட்டமும் ஒண்ணாச் சேந்துக்கும். அப்புறம் எந்த இரும்பும் தாங்காது. அதான் அந்த வேகத்துல நிக்காத, சட்டுன்னு தாண்டிப் போயிருன்னு மீட்டர்ல சிவப்புக் கோடு போடறோம். அது எந்த வேகம்னு கணக்குப் போடறதுதான் என் வேலை. எம் பேரு ஓக் மி-ரான். எழுதிக்கிட்டீங்களா? இதே கோஜே கப்பல் கட்டற தளத்துல, பத்தொன்பது வருஷமா.

இதையும் எழுதிக்குங்க. சிவப்புக் கோடு நிமிஷத்துக்கு நாப்பத்தேழு சுத்துலேர்ந்து அம்பத்தெட்டு வரைக்கும். சீஃப் இஞ்சினியர் தாக் ஓட்டினது நாப்பத்தஞ்சுல. கோட்டுக்கு வெளிய! அப்புறம் என்னத்துக்கு இந்த விசாரணைல அவரு லைசென்ஸப் புடுங்கறீங்க? மூணு வாரமா ஆளாளுக்குக் கவனக்குறைவு, கவனக்குறைவுன்னு... கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

கணக்கு தப்பான்னா? தப்பில்ல சார், பழசு! கப்பல்காரங்க கடைசி மாசத்துல ப்ரொப்பெல்லர மாத்தச் சொன்னாங்க. கனமானது. கனம் கூடினா ஆபத்தான வேகம் கீழ எறங்கும். வெள்ளோட்டத்துல அளந்ததெல்லாம் பழைய ப்ரொப்பெல்லரோட. நான் புதுசாப் போட்டேன், நாப்பத்திரண்டுலேர்ந்து அம்பத்திமூணுன்னு வந்துச்சு. எங்க பிரிவுத் தலைவர் பாங் கிட்ட கொண்டு போனேன். பொட்டலக் காப்பிய உறிஞ்சிக்கிட்டே, வெள்ளிக்கிழம கப்பல ஒப்படைக்கணும், இப்ப வந்து புதுக்கதை சொல்றியேம்மா, உன் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலான்னாரு. சுத்தி இருந்தவனெல்லாம் சிரிச்சான். மீட்டர்ல பழைய கோடே நின்னுச்சு. இப்ப ஷாஃப்ட்டு உடைஞ்சதுல கப்பல்ல ஒருத்தருக்குக் கால் போயிருச்சு. இப்ப எவனும் சிரிக்கல.

சீஃப் இஞ்சினியர எனக்குத் தெரியுமாவா? தெரியும். ஒம்பது வருஷம் என் புருஷன். இப்ப இல்ல. அதுக்காகப் பரிஞ்சு பேசறேன்னு நெனைக்காதீங்க. நான் சொல்லி ஒரு நாள் குடை எடுத்துட்டுப் போன மனுஷனில்ல. ஆனா மீட்டர்ல கோடு போட்டிருந்தா இம்மி தாண்ட மாட்டாரு.

கப்பல் கெளம்பற அன்னிக்குக் காலைல போன் பண்ணினாரு. பிரிஞ்சதுக்கப்புறம் அதான் மொத போன். இந்தக் கோடு உன் கணக்குதானேன்னாரு. ஆமான்னேன். அப்ப சரி, நம்பிப் போலாம்னு வச்சுட்டாரு.

புதுக் கணக்கு அப்ப என் மேசையிலதான் சார் இருந்துச்சு.