பதின்மூன்று கோல் வாங்கிப் பிழைத்த கழகத்தின் செயலாளருக்கு

மில்ஸ்டோன் யுனைடெட் கால்பந்துக் கழகத்தின் மாண்புமிகு செயலாளரே, பதிவாளரே, சேறு படிந்த சீருடைகளைச் சலிக்காமல் துவைத்தவரே, கோபிச்செட்டிப்பாளையம் கொடுத்த கொடையே, பிளெய்ன்ஸ்பரோ பெற்ற பேறே, எங்கள் அன்பு அக்கா வசந்தாமணி அவர்களே, வணக்கம்.

பாராட்டு மடலில் 'நீங்கள், நீங்கள்' என்று எழுதுவதுதான் முறை. ஆனால் முகத்துக்கு நேரே புகழ ஆரம்பித்தால், 'இருங்க, காப்பி வெச்சுப்போட்டு வந்தர்றனுங்' என்று நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது இந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இனி இந்த மடல் உங்களை 'அவர்' என்றே சொல்லும். வேறு யாரோ ஒருவருடைய கதை என்று நினைத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேளுங்கள்.

கழகம் 1990-ல் பிறந்தது. நியூஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில், அடுக்ககங்களுக்குப் பின்னால் உள்ள புல்வெளியில், ஒரு ஞாயிறு காலை, நாகர்கோவில்காரர் ரூஃபஸ் ஒரு பந்தோடு போய் நின்றார். முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள். நால்வரும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், நால்வருக்கும் மூச்சு வாங்கியது. மூன்றாம் வாரம், பிரின்ஸ்டன் உணவகங்களின் சமையலறைகளில் வேலை செய்யும் குவாத்தமாலாக்காரர்கள் சிலர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். நான்காம் வாரம் வேலியைத் தாண்டி வந்தார்கள். கழகம் கால்பந்து ஆடத் தொடங்கியது அன்றுதான்.

1992-ல் வட்டார லீக்கின் நான்காம் டிவிஷனில் இடம் கிடைத்தது. அதற்குக் கீழே டிவிஷன் கிடையாது. உலகக் கோப்பை இந்த நாட்டுக்கு வந்த 1994 கோடையில் முப்பது பேர் சீருடை கேட்டு வந்தார்கள். இலை உதிரும்போது பதினைந்து பேர் மிஞ்சினார்கள். ஆட்டக்காரர்களாவது மிஞ்சினார்கள், செயலாளர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. முதலாமவரை ஒரு ப்ராஜெக்ட் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனது. இரண்டாமவர் பத்மநாபன் ஒரு வியாழக்கிழமை டெக்சஸ் ரிச்சர்ட்சனுக்கு மாற்றலாகிப் போய்விட்டு, பந்துப் பை யார் வீட்டில் இருக்கிறது என்பதை அங்கிருந்து போனில் சொன்னார்.

1995 கோடையில் வசந்தாமணி தம் கணவர் நஞ்சுண்டனோடு வந்து சேர்ந்தார். கோபியில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் தலைமை எழுத்தர். ஒரு கோப்பு தொலைந்தது என்று அந்த ஒன்பது ஆண்டுகளில் யாரும் சொன்னதில்லை. இங்கே கணவரின் விசாவில் வந்தவர்களுக்கு வேலை செய்ய அனுமதியில்லை. பாத்திரம் கழுவி முடித்தால் மணி ஒன்பதரை. அதற்குப் பிறகு பகல் ஒரு பெரிய வெள்ளைத் தாளைப் போலக் கிடக்கும் என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

ஒரு ஞாயிறு, கணவர் ஆடுவதைப் பார்க்க மைதானத்துக்கு வந்தார். நனைந்த மளிகைப் பைக்குள் கையை விட்டு ரூஃபஸ் எதையோ துழாவிக்கொண்டிருக்க, நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் தம்பி, இதுதான் உங்க ஆபீஸுங்களா?"

"ஆமாக்கா. ப்ளேயர் பாஸ் எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு. நேத்து வாங்குன கீரையும் கெடக்கு."

"குடுங்க இங்க."

வேறு நியமன உத்தரவு எதுவும் கிடையாது.

பாஸ் என்பது உள்ளங்கை அளவு அட்டை. ஆட்டக்காரரின் படம், பெயர், லீக்கின் முத்திரை, மேலே பிளாஸ்டிக் உறை. ஆட்டத்துக்கு முன் நடுவர் ஒவ்வோர் அட்டையையும் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அட்டை இல்லாதவர் ஆட முடியாது. வசந்தாமணி அத்தனை அட்டைகளையும் புதிதாகச் செய்தார். எங்கள் முன்வரிசை ஆட்டக்காரர் ஓஸ்கர், பகலில் பாத்திரம் தேய்த்து இரவில் மீன் வறுப்பவர், தம் அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகும் ஆட்டம் முடிந்த பின் ஒவ்வொரு வாரமும் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். இந்த நாட்டில் அவர் முகம் ஒட்டியிருந்த அட்டை அது ஒன்றுதான். அது வசந்தாமணிக்குத் தெரியும். அதனால் மழைத் துளி புகாதபடி இறுக மூடும் நீல நிற பிஸ்கட் டின் ஒன்றைத் தேடியெடுத்து, பாஸ்களை அதில் அடுக்கினார்.

1996-ல் மூன்றாம் டிவிஷனுக்கு ஏறினோம். 1997 இலையுதிர் காலத்தில் விழத் தொடங்கினோம். ஓர் ஆட்டத்துக்குப் போகும்போது டர்ன்பைக் நெடுஞ்சாலையில் வேன் நின்றுவிட்டது. இன்னொரு ஆட்டத்தன்று ஐந்து பேரை அவரவர் கம்பெனி வேலைக்கு அழைத்துக்கொண்டது. இரண்டும் ஆடாமலே தோற்ற கணக்கில் போயின. லீக்கிலிருந்து கடிதம் வந்தது: ஒரே பருவத்தில் மூன்றாவது முறை ஓர் ஆட்டம் நடக்காமல் போனால், அந்தக் கழகம் லீக்கிலிருந்து நீக்கப்படும். வசந்தாமணி அந்தக் கடிதத்தை மூன்று பிரதி எடுத்தார். ஒன்றை ரூஃபஸுக்குக் கொடுத்தார், ஒன்றைக் கோப்பில் வைத்தார், ஒன்றை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

நவம்பர் முதல் ஞாயிறு. வடக்கே ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கே ஒரு பள்ளி மைதானம். நடுவர் வந்து கை நீட்டினார். வசந்தாமணி நீல டின்னைத் திறந்தார்.

உள்ளே சுண்டைக்காய் வற்றல் இருந்தது.

வெள்ளிக்கிழமை கோபியிலிருந்து தங்கை அனுப்பிய பார்சல் வந்திருந்தது. வற்றல் நமுத்துப் போகாமல் இருக்க, அதே கம்பெனியின் அதே நீல டின் ஒன்றில் கொட்டி ஃபிரிட்ஜ் மேல் வைத்தவரும் அவர்தான். காலை அவசரத்தில் கை எட்டிய டின்னை எடுத்தவரும் அவர்தான். நம் வீடுகளில் எந்த டப்பாவின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்தச் சரித்திரம் அன்று கழகத்தின் கழுத்தைப் பிடித்தது.

ரூஃபஸ் ஒரு வற்றலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அக்கா, இத ரெஃபரிகிட்ட காட்டுனா, இதுல யாரு கோல்கீப்பர்னு கேப்பாருல்லா."

யாரும் சிரிக்கவில்லை. வீடு ஒன்றரை மணி நேரத் தொலைவில்; நடுவர் தரக்கூடிய அவகாசம் அரை மணி நேரம். ஒன்பது ஆண்டுகளில் ஒரு கோப்பு தொலைக்காதவர், பதினைந்து பேரையும் ஒரே காலையில் தொலைத்துவிட்டார். ஓஸ்கர் அருகில் வந்து, தன்மேல்தான் பிழை என்பது போல, "ஸாரி, சென்யோரா," என்றார்.

"நோ, நோ. யூ நோ ஸாரி. மை மிஸ்டேக்," என்றார் வசந்தாமணி. சொன்னதும் தலை தெளிந்தது. கைப்பைக்குள் எப்போதும் இருக்கும் இரண்டு தாள்கட்டுகளை எடுத்தார். ஒன்று லீக் முத்திரை வைத்த ஆட்டக்காரர் பட்டியல். மற்றொன்று லீக்கின் விதிப் புத்தகம். அதைக் கோடு போட்டுப் படித்திருந்தவர் நியூஜெர்சி முழுக்க அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

"சார், ரூல் செவன்டீன். சப்செக்‌ஷன் டி. ப்ளீஸ் ரீட்."

நடுவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பாஸ் கைவசம் இல்லாத ஆட்டக்காரர், முத்திரையிட்ட பட்டியலில் பெயர் இருந்தால், அரசு வழங்கிய படமுள்ள சான்றைக் காட்டி ஆடலாம். அவர் தலையசைத்தார். பிறகு, அணிக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும் என்பதையும் நினைவூட்டினார். இடையில் ஆறாகக் குறைந்தால் ஆட்டம் நின்றுவிடும். நடக்காத கணக்கில்தான் போகும்.

சமையலறைக்காரர்கள் எட்டுப் பேரும், அதாவது எங்கள் நல்ல ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும், புல்லைப் பார்த்தபடி நின்றார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வசந்தாமணி அவர்களை வேனுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஆரஞ்சுப் பழப் பையைக் கொடுத்தார். மீதி இருந்த தமிழர்கள் பர்ஸைத் திறந்து டிரைவிங் லைசென்ஸைக் காட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

ஏழாவது ஆள் ஜம்புநாதன். வயது நாற்பத்தொன்று. மூன்று ஆண்டுகளில் மொத்தம் பதினொரு நிமிடம் ஆடியவர். டிரைவிங் டெஸ்ட்டில் மூன்று முறை தோற்றவர். அன்றும் வழக்கம்போலத் தம் கறுப்பு ப்ரீஃப்கேஸோடு வந்திருந்தார். வேனில் வரும் வழியெல்லாம், "சார், அதுக்குள்ள என்ன, பாம்பா?" என்று ரூஃபஸ் கேட்டுக்கொண்டே வந்திருந்தார்.

ஜம்புநாதன் புல் மேல் மண்டியிட்டு அதைத் திறந்தார். விசா அனுமதிக் கடிதம், டிகிரி சர்ட்டிஃபிகேட், கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றுக்கும் அடியில் பாஸ்போர்ட்.

"இமிக்ரேஷன்காரன் எங்க வெச்சுக் கேப்பான்னு யாருக்குத் தெரியும்? நான் பால் வாங்கப் போனாக்கூட இது இல்லாமப் போறதில்லை," என்றார்.

"சார், இனிமே நீங்க ரெண்டு பாஸ்போர்ட் கூட வெச்சுக்கிடுங்க," என்றார் ரூஃபஸ்.

ஏழு பேர் பதினொரு பேரை எதிர்த்து இறங்கினார்கள். ஜெயிக்க வேண்டியதில்லை, தொண்ணூறு நிமிடமும் ஏழு பேர் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நஞ்சுண்டன் கோலுக்குள் நின்றார். அதுவரை அவர் கோல்கீப்பராக நின்றதில்லை. அன்றும் நின்றார் என்று சொல்ல முடியாது, பந்து போன பிறகு அதை எடுத்து வந்து கொடுத்தார். ஐந்தாவது கோல் விழுந்தபோது கோட்டோரத்திலிருந்து வசந்தாமணியின் குரல் கேட்டது.

"ஏனுங்க, அந்தப் பந்தப் புடிக்கறதுக்கு உங்களுக்குக் கிரீன் கார்டு வரோணுமா?"

"வந்து நின்னு பாரு, தெரியும்," என்றார் நஞ்சுண்டன், வலைக்குள்ளிருந்து.

எழுபதாவது நிமிடம். ஒன்பது கோல் விழுந்திருந்தது. ஜம்புநாதன் ஓட முயன்று, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். நடுவர் ஊதினார். ஜம்புநாதன் வெளியே வந்தால் ஆறு பேர். ஆறு பேரானால் ஆட்டம் முடிந்தது, கழகம் முடிந்தது, வேன் அருகே ஆரஞ்சு உரித்தபடி உட்கார்ந்திருந்த எட்டுப் பேரின் ஞாயிற்றுக்கிழமைகளும் முடிந்தன. கோட்டைத் தாண்டி உள்ளே போகச் செயலாளருக்கு உரிமையில்லை. கோட்டின் மேல் செருப்பு படாமல் நின்று, கோபி அலுவலகத்தில் கூட உயர்த்தியிராத குரலில் வசந்தாமணி சொன்னார்:

"ஜம்பு சார், ஓட வேண்டாமுங்க. ஆடவும் வேண்டாமுங்க. சும்மா எந்திரிச்சு நில்லுங்க, போதும்."

ஜம்புநாதன் அவரைப் பார்த்தார். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி எழுந்தார். ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போய் இடப்பக்கக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, "ஆம் ஃபைன்," என்று நடுவரிடம் சொன்னார். மீதி இருபது நிமிடமும் அந்தக் கம்பத்தை விடவில்லை. அவர் மேல் பட்டு இரண்டு பந்துகள் வெளியே போயின. இரண்டுக்கும் எங்கள் பக்கத்தில் பலத்த கைதட்டல். கடைசி நிமிடங்களில் எதிரணிக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். பந்தைத் தங்களுக்குள் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி ஊதல். பூஜ்யத்துக்குப் பதின்மூன்று.

எட்டுச் சமையலறைக்காரர்களும் ஓடிப்போய் ஜம்புநாதனைத் தோளில் தூக்கினார்கள். ஜெயித்தவர்கள் வாய் பார்த்து நின்றார்கள். பதின்மூன்று கோல் வாங்கிய அணி தன் தடுப்பாட்டக்காரரை ஊர்வலமாகக் கொண்டுபோவதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. நடுவர் ஆட்டக் குறிப்பை நீட்டினார். வசந்தாமணி அதை வரிவரியாகப் படித்தார். 'முழு நேரமும் ஆடப்பட்டது' என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். பிறகு வேனில் ஏறி, வாயைத் திறந்தபடி வீடு வரை தூங்கினார். யாரும் எழுப்பவில்லை.

அந்தப் பருவத்தில் கடைசி இடம்தான் கிடைத்தது. ஆனால் கடைசி இடமும் ஓர் இடம். அதில் காலூன்றித்தான் கழகம் மூன்றாண்டுகளில் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது. போன பருவத்தில் ஓஸ்கர் அடித்த பத்தொன்பது கோலில் முதல் கோல் நவம்பர் 1997-ல், ஒரு கோலும் அடிக்காத அந்த ஞாயிற்றுக்கிழமை விழுந்தது என்று ரூஃபஸ் சொல்வார். நாங்கள் மறுப்பதில்லை.

இனி மீண்டும் உங்களிடமே பேசுகிறோம், அக்கா. அழைப்பிதழில் 'பணி ஓய்வு' என்று அச்சடித்திருக்கிறோம். அது பாதிதான் உண்மை. மார்ச் மாதம் உங்கள் கிரீன் கார்டு வந்தது. நாளைக் காலை எட்டு மணிக்கு ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் நீங்கள் வேலையில் சேருகிறீர்கள். ஊரில் எல்லோரும் வேலையை முடித்து ஓய்வுக்குப் போவார்கள். நீங்கள் ஓய்விலிருந்து ஓய்வு பெற்று வேலைக்குப் போகிறீர்கள். செய்தி கேட்ட அன்று நாங்கள் வருந்துவோம் என்று எதிர்பார்த்தீர்கள். வருத்தம் வரவில்லை. நெடுநேரம் கம்பத்தில் சாய்ந்து நின்ற ஒருவருக்கு ஊதல் கேட்டது போல இருந்தது. செயலாளர் பொறுப்பை ரூஃபஸின் மனைவி ரெபெக்கா ஏற்றுக்கொள்கிறார். விதிப் புத்தகத்தை அவர் ஏற்கெனவே இரண்டு முறை படித்துவிட்டார்.

நீங்களும் நஞ்சுண்டன் அண்ணனும் நோயின்றி நூறாண்டு வாழ வேண்டும். உங்கள் மேசை வெளிச்சமான ஜன்னலுக்குப் பக்கத்தில் அமைய வேண்டும். இனி எந்த மைதானத்துக்கும் போன் செய்து ஆட்டம் உண்டா என்று நீங்கள் கேட்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை பெய்தால், அது வெறும் மழைதான். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குங்கள், அக்கா.

என்றும் உங்கள் பட்டியலில் பெயர் உள்ள,
மில்ஸ்டோன் யுனைடெட் ஆட்டக்காரர்களும் குழுவினரும்
பிளெய்ன்ஸ்பரோ, நியூஜெர்சி
10 ஜூன் 2001, ஞாயிறு