குழாய்க்கு முகம் கிடையாது

குரல்: இந்த வரியை நான் படிக்க மாட்டேன். மாத்துங்க.

ஒலிப்பதிவாளர்: அய்யோ... தங்கச்சி, மைக் ஓப்பன்ல இருக்கு. சாருக்குக் கேக்குது.

குரல்: கேக்கட்டும்னுதானேண்ணே சொல்றேன்.

ஒலிப்பதிவாளர்: வந்த முதல் நாளே என்ன சொன்னேன்? தொண்டையைக் காய விடாதே. பேப்பரைச் சலசலன்னு திருப்பாதே. எழுதினதை மாத்துங்கன்னு மட்டும் வாயைத் திறந்து கேட்டுடாதே. இதுதானே சொன்னேன்?

குரல்: முதல் ரெண்டையும் ஒழுங்கா செஞ்சேன்ல?

இயக்குநர்: என்னப்பா, கண்ணாடி ரூமுக்குள்ள என்ன தகராறு? ஏம்மா, நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு? கடைசிப் பக்கம். இதைப் படிச்சிட்டா படமே முடிஞ்சுது. சாயங்காலம் சேனலுக்கு அனுப்பணும்.

குரல்: எல்லாப் பக்கமும் படிச்சிட்டேன் சார். இந்த ஒரு வரிதான்...

இயக்குநர்: எது?

குரல்: "மருந்துக்கு அடங்காத இந்தக் கிருமி பிறந்த இடம்... இதோ, இந்தத் தெரு."

இயக்குநர்: ஆகா! என்ன அழகா சொன்னே! அதேதான். அந்த 'இதோ'வுக்கு முன்னால ஒரு மூச்சு விட்டே பாரு... ரெக்கார்ட் ஆச்சா?

ஒலிப்பதிவாளர்: இல்ல சார். அவ சும்மா...

குரல்: எது பிடிக்கலைன்னு சொன்னேன் சார். படிக்கல.

இயக்குநர்: சரியாப் போச்சு. யோவ், அந்த மாத்திரை அட்டையைத் தள்ளி வை. ஸ்கிரிப்டை விரிக்க இடமில்ல.

ஒலிப்பதிவாளர்: என்ன சார், பாதி அட்டை அப்படியே இருக்கு?

இயக்குநர்: ரெண்டு நாள் போட்டேன். தொண்டை சரியாயிடுச்சு. போதும்.

குரல்: சார்... நாலாம் பக்கத்துல நான் என்ன படிச்சேன்?

ஒலிப்பதிவாளர்: "சற்றுக் குணமானதும் மருந்தை நிறுத்திவிடுகிறோம். தப்பிப் பிழைத்த கிருமிகள் பாடம் கற்றுக்கொள்கின்றன."

இயக்குநர்: யோவ்!

ஒலிப்பதிவாளர்: அத்தனை டேக் கேட்டேன் சார். மனப்பாடம் ஆயிடுச்சு.

குரல்: மீதி மாத்திரையை என்ன பண்ணுவீங்க சார்? கழுவுற தொட்டியில உரிச்சுப் போட்டுத் தண்ணியைத் திறந்து விடுவீங்க.

இயக்குநர்: உனக்கெப்படித் தெரியும்?

குரல்: ...எல்லா வீட்லயும் நடக்கிறதுதானே.

இயக்குநர்: இப்ப என்னம்மா உன் பிரச்சினை? சட்டுனு சொல்லு. பசிக்குது வேற. நாலு நாளா ஓட்டல் பொட்டலம். வயிறே சரியில்ல.

குரல்: ஆராய்ச்சி பண்ண டாக்டரம்மா பேட்டிக்கு நம்ம பாஷையில குரல் கொடுத்தது நான்தானே சார்?

இயக்குநர்: ஆமா. பிரமாதமா கொடுத்தே.

குரல்: அதுல அவங்க என்ன சொன்னாங்க? "இந்தச் சாக்கடை மூடி தெருமுனையில இருக்கு. ஆனா மேட்டுல இருக்கிற அடுக்குமாடிக் கழிவுத் தண்ணியும் இதே குழாய்லதான் வருது. கிருமி யார் வீட்டுதுன்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது." இப்பப் படத்துல அது எங்க?

இயக்குநர்: நீளம் ஜாஸ்தி. எடுத்துட்டோம்.

குரல்: ஒரே மூச்சுல படிச்சேன் சார்! ஒரு மூச்சுக்கு இடமில்லையா உங்க படத்துல?

இயக்குநர்: இங்க பாரு... டீவி பாக்கிறவன் கிளாஸ்ல உக்காந்து பாக்கல. துணி மடிச்சுக்கிட்டே பாக்கிறான். 'சொல்ல முடியாது'ன்னு சொன்னா வேற சேனலுக்குப் போயிடுவான். அந்தம்மா சொல்லலாம், அவங்க சயின்டிஸ்ட். நான் சொல்ல முடியுமா?

குரல்: அதுக்காகப் பொய் சொல்றதா?

இயக்குநர்: எது பொய்? அந்தச் சாக்கடையில கிருமி இருந்துச்சா, இல்லையா?

குரல்: இருந்துச்சு.

இயக்குநர்: அந்த மூடி அந்தத் தெருவுல இருக்கா, இல்லையா?

குரல்: இருக்கு.

இயக்குநர்: அப்புறம்?

குரல்: உங்க குப்பையைக் கொண்டுவந்து எங்க வாசல்ல கொட்டிட்டு, 'உன் வாசல்ல இருந்துச்சா இல்லையா'ன்னு கேக்கிற மாதிரி இருக்கு.

இயக்குநர்: 'எங்க' வாசலா?

குரல்: ...ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஒலிப்பதிவாளர்: டீ சொல்லவா சார்? எல்லாரும் கொஞ்சம் சூடா...

இயக்குநர்: ஏற்கெனவே சூடாத்தான்யா இருக்கு.

குரல்: அந்த அடுக்குமாடியை ஏன் சார் காட்டல? ஒரே ஒரு ஷாட். அங்கிருந்தும் தண்ணி வருதுன்னு.

இயக்குநர்: பர்மிஷன் கிடைக்கல. குடியிருப்போர் சங்கத்துல ஒத்துக்கல.

ஒலிப்பதிவாளர்: சார், அந்தச் சங்கத்துக்குச் செயலாளரே நீங்கதானே?

இயக்குநர்: நீ பட்டனை மட்டும் பாரு.

குரல்: உங்களுக்கு நீங்களே பர்மிஷன் கொடுக்கலையா?

இயக்குநர்: அங்க குடும்பங்க இருக்கும்மா. வாங்கின விலை என்ன, இப்ப விக்கப் போனா என்ன ஆகும்... உனக்கெங்க அதெல்லாம் புரியப் போகுது.

குரல்: தெருவுல யார்கிட்ட பர்மிஷன் கேட்டீங்க?

இயக்குநர்: தெருவுக்கு யார்கிட்டம்மா கேக்கணும்? தெருதானே.

குரல்: ஓ... அங்க குடும்பங்க இல்ல. தெருதான் இருக்கு.

இயக்குநர்: வாயைப் பாரு இவளுக்கு! ஏம்மா, நான் என்ன விளம்பரப் படமா எடுக்கிறேன்? சமூகத்துக்காக எடுக்கிறேன். மருந்தெல்லாம் வேலை செய்யாமப் போகப் போகுது, ஜனங்க முழிச்சுக்கட்டும்னு எடுக்கிறேன். அதைச் சும்மா குழாயைக் காட்டிச் சொன்னா எவன் பாப்பான்? குழாய்க்கு முகம் கிடையாது. ஒரு மனுஷி வேணும். திரையைப் பாரு.

குரல்: பாத்துட்டுத்தான் இருக்கேன்.

இயக்குநர்: கைக்கு ஒரு வாளி. முகத்தை மங்கலாக்கிட்டோம், யாருன்னே தெரியாது. அந்த நடையைப் பாரேன்... இடது காலை லேசா இழுத்து, இழுத்து... என் கேமராமேன் பையன் எடுத்துட்டு வந்தப்ப அப்படியே உக்காந்துட்டேன். எந்த நடிகையை நடக்கச் சொன்னாலும் வராது. நல்லா இருக்குல்ல?

குரல்: குழாய்க்கு முகம் இல்லைன்னு ஒரு பொம்பளையைத் தேடிப் பிடிச்சீங்க. அப்புறம் அவ முகத்தையும் அழிச்சிட்டீங்க.

இயக்குநர்: அது அவங்க பாதுகாப்புக்கும்மா.

குரல்: பாதுகாப்பு! டீவியில முன்னோட்டம் ஓட ஆரம்பிச்சதுல இருந்து அந்தத் தெருப் பொம்பளைங்களை அடுக்குமாடி கேட்டுலயே நிறுத்தித் திருப்பி அனுப்பறாங்க. தெரியுமா உங்களுக்கு?

இயக்குநர்: தெரியாம என்ன?

குரல்: தெரியுமா!

இயக்குநர்: சங்கத்துல முடிவு பண்ணோம். தற்காலிகமாத்தான். குழந்தைங்க இருக்கிற இடம். ஏன், எங்க வீட்லயே சமைக்கிற அம்மா வர்றதில்ல. என் வீட்டுக்காரிக்கு அடுப்படிப் பக்கம் போய்ப் பழக்கமில்ல. ஓட்டல்ல சாப்பிட்டு வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நானும்தாம்மா கஷ்டப்படுறேன்!

ஒலிப்பதிவாளர்: பாவம் சார்.

குரல்: ரொம்பப் பாவம்.

இயக்குநர்: கிண்டலா?

குரல்: அந்தம்மாவுக்கு யார் சார் சொன்னது, வர வேண்டாம்னு?

இயக்குநர்: வீட்ல போன் பண்ணிச் சொல்லியிருப்பாங்க. இல்ல வாட்ச்மேன் சொல்லியிருப்பான். எனக்கெங்க நேரம்.

குரல்: அவங்க பேரென்ன?

இயக்குநர்: யாரு?

குரல்: உங்க வீட்ல சமைக்கிறவங்க.

இயக்குநர்: பேரா... இரு... 'அம்மா'ன்னுதான் கூப்பிடுவோம். மரியாதையாத்தான் நடத்துறோம்மா. வீட்டு ஆள் மாதிரி.

குரல்: வீட்டு ஆள் மாதிரி.

இயக்குநர்: இப்ப எதுக்கு அந்தக் கதை? படிக்கிறியா, இல்லையா?

குரல்: டாக்டரம்மா சொன்னதைத் திரும்ப வைங்க. 'பிறந்த இடம்'கிறதை எடுங்க. உடனே படிக்கிறேன்.

இயக்குநர்: முடியாது.

குரல்: 'இந்தத் தெருவும்'னாவது போடுங்க. ஒரே ஒரு 'உம்'தான் சார் கூடும்.

இயக்குநர்: அந்த ஒரு 'உம்'ல மொத்தக் காரமும் போயிடும்! உனக்கு என்ன வேலை கொடுத்தேன்? குரல் கொடுக்கிற வேலை. கருத்துச் சொல்ற வேலையா கொடுத்தேன்? சிபாரிசு ஒண்ணும் இல்லாம வந்து நின்னே. புதுக் குரல், கிராமபோன் தட்டு மாதிரி இல்லாம உயிரா இருக்கேன்னு எடுத்தேன். எடுத்தது என் தப்பு.

ஒலிப்பதிவாளர்: தங்கச்சி, போதும் விடு. படிச்சிட்டுப் போயிடு. அடுத்த படம் வரும், அதுல பேசிக்கலாம்.

குரல்: அண்ணே, நான் நுண்ணுயிரியல் படிச்சவ. லேப் லேப்பா ஏறி இறங்கி ஒருத்தரும் எடுக்காம இங்க வந்து நிக்கிறேன். ஒரு குழாய்ல எடுத்த தண்ணியை வெச்சு ஒரு தெருவையே குத்தவாளி ஆக்கக் கூடாதுன்னு முதல் வருஷப் பாடத்துலயே இருக்கு. தெரியாம படிச்சா மன்னிப்பு உண்டு. தெரிஞ்சே எப்படிப் படிக்கிறது?

இயக்குநர்: ஆங்... இப்பத்தானே வெளிய வருது. படிச்ச திமிர்.

குரல்: ஆமா, திமிர்தான். எங்க வீட்ல முதல் டிகிரி என்னுது. இந்தத் திமிர் கொஞ்சமாவது வரட்டும்னுதான் சார் படிக்கவே வெச்சாங்க.

இயக்குநர்: நல்லா கேட்டுக்க. நீ படிக்கலைன்னா படம் நின்னுடும்னு கனவு காணாதே. உன் குரல் முழுப் படத்துலயும் இருக்கு. மெஷின்ல போட்டா உன் குரல்லயே அந்த வரியைச் சொல்லிட்டுப் போகுது. முடிஞ்சுது.

ஒலிப்பதிவாளர்: சார்...

இயக்குநர்: என்னய்யா?

ஒலிப்பதிவாளர்: அதைப் பத்தித்தானே சார் நம்ம அடுத்த படம்? 'களவு போகும் குரல்கள்'னு தலைப்பெல்லாம் வெச்சு... போன வாரம் அதுக்கு இசை கூடப் போட்டோமே.

இயக்குநர்: உனக்கு இந்த வேலை வேணுமா, வேண்டாமா?

ஒலிப்பதிவாளர்: வேணும் சார். ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நான் எதுவும் சொல்லல.

குரல்: அவரை ஏன் சார் திட்டுறீங்க? செய்யுங்க. மெஷினுக்கு என்ன... அது எந்தத் தெருவுல பொறந்துச்சு? யார் வயித்துல பொறந்துச்சு? சொன்னதைச் சொல்லும்.

இயக்குநர்: சொல்லும்ல? அது போதும் எனக்கு.

குரல்: ஒண்ணு மட்டும். கடைசியில 'பின்னணிக் குரல்'னு என் பேர் வருதே, அதை எடுத்துடுங்க.

ஒலிப்பதிவாளர்: ஏய்... அந்தப் பேர் வர்ற இடத்தை நேத்து மூணு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னவ நீ!

குரல்: ஆமாண்ணே. எங்க சொந்தத்துல ஒருத்தர் பேரும் இதுவரைக்கும் எங்கயும் அச்சுல வந்ததில்ல. திரையில வரப் போகுதுன்னு தெருவே காத்துக்கிட்டு இருந்துச்சு. வேண்டாம்.

இயக்குநர்: எந்தத் தெரு?

குரல்: அண்ணே, ஹெட்போனை ஆணியில மாட்டிட்டேன். ஸ்கிரிப்ட் ஸ்டாண்டுலயே இருக்கு. வெளிய வர்றேன்.

ஒலிப்பதிவாளர்: கோவத்துல போகாதே தங்கச்சி. ஒரு டீ குடிச்சிட்டு...

குரல்: கோவத்துல போகலண்ணே. நேத்தே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். இருந்தாலும் ஒரு தடவை நேர்ல கேட்டுப் பாத்துடுவோம்னு... சார், உங்க மாத்திரை அட்டைக்குப் பக்கத்துல ஒண்ணு வெச்சிருக்கேன். பாத்துக்கங்க.

இயக்குநர்: போறவ கதவைச் சாத்திட்டுப் போ. ஏசி வெளிய போகுது... என்னது இது? சாவி?

ஒலிப்பதிவாளர்: ஸ்டூடியோ சாவி இல்ல சார். வீட்டுச் சாவி மாதிரி இருக்கு.

இயக்குநர்: இது... எங்க சமையல்கட்டுப் பின்கதவுச் சாவி. ஏய், நில்லு! இது எப்படி உன் கைக்கு வந்துச்சு?

குரல்: அம்மா கொடுத்துட்டு வரச் சொன்னாங்க. புதுக் குரல் தேடுறதா சாப்பிடுறப்ப நீங்க சொன்னதைக் கேட்டுட்டு வந்து என்னை அனுப்பினதும் அவங்கதான். யார் மகள்னு மட்டும் சொல்லிடாதே, சார்கிட்ட எதையும் கேட்டுடாதேன்னாங்க. உங்க ஆபீஸ் வண்டி தெருமுனையில நின்னப்ப, 'நம்ம சாரோட படம்'னு சிரிச்சுக்கிட்டே, கேமராப் பையன் கேட்டதுக்கெல்லாம் திரும்பத் திரும்ப நடந்து காட்டினாங்க. வேலைக்காரங்க லிஃப்ட்ல ஏறக் கூடாதுன்னு போர்டு வெச்சீங்களே, அந்தப் படியில விழுந்த கால் சார் அது, நீங்க ரசிச்சது. முன்னோட்டத்துல முகத்தை அழிச்சும், அந்த நடையை வெச்சே உங்க வாட்ச்மேன் அவங்களைக் கண்டுபிடிச்சுக் கேட்டுல நிறுத்திட்டான். ஆறு வருஷமா அவங்க கையால சாப்பிட்டவர்... உங்களுக்குத்தான் தெரியல.