ஆயுத பூஜைக்கு லீவு எடுத்த நிலாக்கல்

எழிலரசன்: ...கத்தாத மரீஹா. மெயின் சுவிட்சை இறக்கினது நான்தான். ஒத்துக்கறேன்.

மரீஹா: எப்ப?

எழிலரசன்: ஆயுத பூஜை அன்னிக்கு சாயங்காலம். பூஜை போட்ட மெஷினை ஓட விடலாமா? எங்கப்பா லேத்துப் பட்டறையில...

மரீஹா: இது லேத்துப் பட்டறையா?

எழிலரசன்: இந்த மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில அத்தனை ஷெட்டும் கம்முனு கெடக்கு. நம்ம ஷெட்டு மட்டும் ‘ர்ர்ர்’னு உறுமினா மரியாதையா?

மரீஹா: உள்ள இருந்தது கோடிக்கணக்கான உயிருடா! ஜீனை மாத்தி, வளர்த்து, நிலா மண்ணு மாதிரி அரைச்ச பொடியில விட்டிருக்கோம். அதுங்க சுண்ணாம்பு கக்கித்தான் அந்தப் பொடி ஒட்டி, நிலாவுல கட்டடம் கட்டற கல்லாவணும். பம்பு விடாம சாப்பாடு ஊத்திக்கிட்டே இருக்கணும். ரெண்டு நாளு பட்டினி போட்டுட்டியே!

எழிலரசன்: பட்டினியா? பொரி வெச்சேனே.

மரீஹா: பாக்டீரியாவுக்கா?

எழிலரசன்: மெஷினுக்கு. சந்தனம், குங்குமம்... அந்த மூடியைத் திருப்பாத, அங்கயும் பொட்டு இருக்கு.

மரீஹா: சிரிக்க வெக்காத. இன்னும் கொஞ்ச நேரத்துல பெங்களூர் விண்வெளி ஆளுங்க வீடியோவுல வர்றாங்க. அவங்க கண்ணு முன்னாடி கல்லு நொறுங்கினா திட்டம் குளோஸ். ஷெட்டைப் பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான்.

எழிலரசன்: போவன்னா... நீ வெளிநாட்டுக்கு, அந்த தூலூசுக்கா?

மரீஹா: யாரு சொன்னா?

எழிலரசன்: உன் தம்பி ரிஹான்தான். மாமி அங்க உனக்கு வேலை பார்த்து வெச்சிருக்காங்களாம், டிக்கெட்டுகூட...

மரீஹா: கல்லை எடு.

எழிலரசன்: கேட்டதுக்குப் பதிலு?

மரீஹா: கல்லை எடுன்றேன்! ரெண்டு இருக்குல்ல, ஒண்ணை நாமளே நசுக்கிப் பார்த்துடலாம்.

எழிலரசன்: வெச்சுட்டேன்... பிரஸ்ஸு இறங்குது. தள்ளி நில்லு, புட்டு மாதிரி உதிரும். போன தடவை என் மீசை பூரா நிலா.

மரீஹா: முள்ளு ஏறுது.

எழிலரசன்: பழசெல்லாம் உடைஞ்ச இடம் இதான்... ம்... இன்னா இது, தாண்டிடுச்சு?

மரீஹா: மீட்டரைத் தட்டு. சிக்கியிருக்கும்.

எழிலரசன்: தட்டிட்டேன். இன்னும் ஏறுது மரீஹா! பெங்களூர்காரங்க கேட்ட கோடு...

மரீஹா: வருது... வருது...

எழிலரசன்: தாண்டிச்சு!

மரீஹா: நிறுத்தாத! ஏறட்டும்! இன்னும்... இன்னும்...

எழிலரசன்: ஐயோ, ரெண்டாப் பொளந்துடுச்சு!

மரீஹா: பொளக்கட்டும்! எங்க போயி பொளந்திருக்கு பாரு! அந்தத் துண்டைக் குடு... எழிலு, நடுவரைக்கும் வெள்ளை! இத்தனை நாளா மேல்தோலுதான் இறுகும், உள்ள வெறும் பொடி.

எழிலரசன்: இப்ப மட்டும் எப்டி?

மரீஹா: நாம விடாம ஊட்டுனோம்ல? சாப்பாட்டுத் தண்ணி நுழையற வாய்க்கிட்டயே சுண்ணாம்பு அடைச்சுக்கிச்சு. பம்பு நின்னதும் ஊத்தின தண்ணி மெதுவா நடுவுக்கு ஊறியிருக்கு. அதுங்களும் நிதானமாத் தின்னு வேலை பார்த்திருக்கு. ஊத்தணும், நிறுத்தணும், ஊத்தணும்! இதான்டா வழி!

எழிலரசன்: அப்ப கட்டுரையில என் பேரு உண்டா?

மரீஹா: உண்டு. நீ உடைச்ச பூசணிக்காய்க்கு அடுத்து.

எழிலரசன்: சரி, ஒண்ணு மட்டும். கரன்ட் போனா உன் போனுக்கு அலாரம் வரும். வெச்சவனே நான்தான். சுவிட்சை இறக்கும்போது அது எனக்கு ஞாபகம் இல்ல, நான் மடையன். ஆனா சாரத்துல இருக்கற உன் வீட்டுலேருந்து இங்க வர எவ்ளோ தூரம்? அன்னிக்கு அலாரம் வரலியா?

மரீஹா: ...அவங்க வர்ற நேரமாச்சு. கேமராவை சரி பண்ணு.

எழிலரசன்: மரீஹா. நேராச் சொல்லு.

மரீஹா: வந்துச்சு. ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணேன்... அப்புறம் ஆஃப் பண்ணிட்டேன். இதுங்க செத்துட்டா குத்த உணர்ச்சியில்லாம தூலூசுக்கு ஏறிடலாம்னு போனைக் கவுத்துப் போட்டுட்டுப் படுத்துட்டேன். சாகல எழிலு. நானும் போவல. போயி மண்ணைச் சலி, அடுத்த கல்லைப் போடணும்.